கிழட்டு டிராக்டருக்கு மூன்றாவது கை

டிராக்டர் என்ற வார்த்தையைப் பார்த்ததும் அடுத்த பக்கம் புரட்ட விரலை எச்சில் பண்ணுகிறவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். ஏ.சி. அறையில் எக்ஸெல் ஷீட் நிரப்பிக்கொண்டிருக்கும் நம்மில் பல பேருக்கு ஊரில் ஒரு அப்பாவோ, சித்தப்பாவோ, பெரியப்பாவோ இருக்கிறார். அவரிடம் ஒரு பழைய வண்டி இருக்கிறது. பொங்கலுக்குப் போகும்போது 'இதை வித்துத் தொலைச்சா என்ன?' என்று வருஷா வருஷம் கேட்கிறோம். அவர் காதில் விழாத மாதிரி மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுகிறார். இந்த வாரம் அந்த மாதிரி ஒரு வண்டியைப் பற்றி.

லால்குடிக்குப் பக்கத்தில் என் பெரியப்பாவிடம் இருப்பது ஒரு மாஸே 1035. மூன்று சிலிண்டர் சிம்ப்சன் என்ஜின். சிவப்பு பெயின்ட் வெளிறி, பழைய தபால் பெட்டி கலருக்கு வந்துவிட்டது. ஹெட்லைட்டில் ஒன்று அலங்காரத்துக்கு. வயசு ஏறக்குறைய என் வயசு. ஆனால் காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும், அந்த விஷயத்தில் என்னைவிடத் தேவலை.

பெரியப்பாவின் பிரச்சினை உழவு இல்லை. குப்பை. மாட்டுச் சாணமும் வைக்கோலும் மக்கிய எருவைப் பெட்டியில் ஏற்றி வயலில் கொண்டுபோய் இறக்குவதற்கு எங்கள் பக்கத்தில் 'குப்பை அடிக்கிறது' என்று பெயர். ஏற்ற ஜே.சி.பி. வாடகைக்குக் கிடைக்கிறது. இறக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தால், ஒரு நடைக்கு மூன்று பேர், முக்கால் மணி நேரம், நடுவில் டீ, பீடி, அரசியல். போன வருஷம் ஆளே வராமல் எழுபத்தொரு வயசில் அவரே பெட்டி மேல் ஏறி மண்வெட்டி போட்டார். மறுநாள் கட்டிலிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. திருச்சி டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இனிமே மம்முட்டி தொட்டீங்கன்னா அடுத்தது ஆபரேஷன்தான்" என்று சொல்லிவிட்டார். ஓசூரில் வேலை பார்க்கும் அண்ணன் இதுதான் சமயம் என்று வண்டிக்கு ஒரு புரோக்கரை அனுப்பினான். புரோக்கர் இரண்டு தடவை வந்து டயரை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்போதுதான் பெரியப்பாவிடமிருந்து போன். "டேய் தம்பி, மண்ணச்சநல்லூர்ல ஜாக்கி வெச்ச பெட்டி ஒண்ணு வெலைக்கு வருது. பட்டனைத் தட்டினா தானா கொட்டிருமாம். நம்ம வண்டியில அது ஓடுமா? நீதான் மெக்கானிக்கல் படிச்சவனாச்சே."

படித்தது மெக்கானிக்கல்தான். பார்ப்பது அதற்குச் சம்பந்தமே இல்லாத உத்தியோகம். இருந்தாலும் இப்படி ஒரு கேள்வி வந்தால் விட மனசு வருமா? இரண்டு நாள் லீவு போட்டுவிட்டேன்.

அவர் கேட்டதற்கு இங்கிலீஷ்காரன் வைத்திருக்கும் பெயர் ரிமோட் ஹைட்ராலிக்ஸ். ரிமோட் என்றதும் டி.வி. ரிமோட்டைத் தேடாதீர்கள். டிராக்டருக்குள் கலப்பையைத் தூக்குவதற்காக ஏற்கெனவே ஒரு எண்ணெய் பம்ப் இருக்கிறது. அந்த எண்ணெயை ஒரு ஹோஸ் வழியாக வண்டிக்கு வெளியே, கொஞ்ச தூரத்தில் இருக்கும் ஒரு ஜாக்கிக்கு அனுப்புவது. அவ்வளவுதான் ரிமோட். புது டிராக்டர்களில் பின்பக்கம் இரண்டு, நாலு என்று இதற்கான துளைகள் வைத்தே வருகின்றன. பழைய வண்டியில் அதை நாம் பிறப்பிக்க வேண்டும்.

பழைய வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால், ஹாரி ஃபெர்கூசன் என்கிற ஆசாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1884-ல் வட அயர்லாந்தில் ஒரு விவசாயிக்குப் பிறந்தவர். விவசாயம் பிடிக்காமல் சைக்கிள், கார், ஏரோப்ளேன் என்று அலைந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று தானே கட்டிய விமானத்தைத் தானே ஓட்டி, அயர்லாந்தில் முதலில் பறந்தவர் என்று பெயர் வாங்கினார். அப்புறம் மேலேயிருந்து கீழே இறங்கி, கலப்பையைப் பிடித்தார்.

அந்தக் காலத்து டிராக்டர்கள் மாட்டை எடுத்துவிட்டு மெஷினைக் கட்டின சமாசாரம்தான். கலப்பை பின்னால் சங்கிலியில் தொங்கிக்கொண்டு வரும். அது ஒரு பாறையில் மாட்டிக்கொண்டால், பின்சக்கரம் நிற்காமல் டிராக்டர் முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக மல்லாந்துவிடும், ஓட்டுகிறவன் அடியில். ஃபோர்ட்சன் டிராக்டர்களில் இப்படிச் செத்தவர்கள் நிறைய. ஃபெர்கூசன் யோசித்தது, கலப்பையைத் தனியாக இழுக்காமல் வண்டியின் உடம்பிலேயே ஓர் உறுப்பாக்கிவிட்டால் என்ன? கீழே இரண்டு கை, மேலே ஒரு கம்பி. மூன்று புள்ளி. இன்றைக்கு உலகத்தில் எந்த டிராக்டரின் பின்னால் போய் நின்றாலும் தெரியும் அந்த முக்கோணம் அவருடையது. கலப்பை மண்ணைக் கடிக்கும்போது மேல் கம்பி வண்டியை முன்னால் தள்ளும், முன்சக்கரம் தரையோடு அழுந்தும். மல்லாக்க வேண்டிய விசையே மல்லாக்காமல் பிடித்துக்கொள்கிறது. மண் கடினமாகி அந்தக் கம்பி ரொம்ப அழுந்தினால், அதுவே உள்ளே இருக்கும் வால்வைத் தட்டி, ஹைட்ராலிக் பம்ப் கலப்பையைத் துளி மேலே தூக்கும். டிரைவர் தூங்கினாலும் நடக்கும்.

1938 அக்டோபரில் இந்த வண்டியை அமெரிக்காவில் ஹென்றி ஃபோர்டுக்கு ஓட்டிக் காட்டினார். எழுபத்தைந்து வயசு ஃபோர்டு பார்த்தார், பிடித்துவிட்டது, கை குலுக்கினார்கள். எழுத்தில் ஒரு வரி கிடையாது. அந்தக் கைகுலுக்கலை நம்பி அடுத்த வருஷமே ஃபோர்டு 9என் வந்து லட்சக்கணக்கில் விற்றது. நம் ஊரில் மஞ்சள் மண்டியில் துண்டு போட்டு விரலைப் பிடித்துப் பேசுகிற வியாபாரமும் இதே ஜாதிதான், ஆனால் அதில் பேரன்கள் கிடையாது. ஃபோர்டின் பேரன் வந்ததும் கைகுலுக்கல் 1947-ல் முடிந்தது. அந்த வருஷமே அதே ஹைட்ராலிக்ஸோடு ஃபோர்டு 8என் சந்தைக்கு வந்தது. ஃபெர்கூசன் 251 மில்லியன் டாலர் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார். 1952-ல் ஒன்பதே கால் மில்லியனோடு முடிந்தது. அடுத்த வருஷம் தன் கம்பெனியை மாஸே-ஹாரிஸோடு சேர்த்தபோது, விலையில் ஒரு மில்லியன் டாலர் இழுபறி. காசைச் சுண்டிப் பார்ப்போம் என்றார்கள். சுண்டினார்கள். ஃபெர்கூசன் தோற்றார்.

இடையில் இங்கிலாந்தில் கவன்ட்ரியில் 1946 முதல் பத்து வருஷம் அவருடைய சாம்பல் நிற டி.இ. 20 ஐந்து லட்சத்துக்கு மேல் தயாரானது. எட்மண்ட் ஹிலாரி எவரெஸ்ட் ஏறினது எல்லாருக்கும் தெரியும். அவர் 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தது இந்த டிராக்டரில்தான். சக்கரத்தில் பட்டை மாட்டி, பனியில், ஊர்ந்து ஊர்ந்து. டி.இ. 20-க்குப் பிள்ளை ஃபெர்கூசன் 35, அதன் வழியில் வந்தது பெரியப்பாவின் 1035. 1960-ல் மாஸே கம்பெனி கூட்டோடு சென்னையில் டாஃபே ஆரம்பித்ததால் நமக்குக் கிடைத்த சொத்து. கோர்ட் ராசியும் கூடவே வந்ததோ என்னமோ, அந்த மாஸே ஃபெர்கூசன் என்கிற பெயர் யாருக்கு என்று ஒரு வழக்கு நடந்து, 2025-ல்தான் இந்தியா, நேபாளம், பூடான் மூன்றுக்கும் பெயர் டாஃபேக்கே என்று ஒப்பந்தமானது.

சரித்திரம் போதும். மெக்கானிக் பாய் காத்திருக்கிறார்.

பாய் எங்கள் பக்கத்தில் மாஸே ஸ்பெஷலிஸ்ட். நாற்பது வருஷமாக இந்த வண்டிகளின் வயிற்றைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறவர். பேச்சு கம்மி. ஸீட்டைக் கழற்றி, கீழே லிப்ட் கவர் மேல் போல்ட் போட்ட ஒரு சின்ன மூடியைக் காட்டினார். "இதான் சார் வாசல். கம்பெனிக்காரன் அன்னிக்கே வெச்சுட்டுப் போயிட்டான். யாரும் தட்டல."

அந்த மூடிக்கு அடியில்தான் பம்பிலிருந்து லிப்ட்டுக்குப் போகும் அழுத்த எண்ணெயின் பாதை. மூடியை எடுத்துவிட்டு, துளையும் மரையும் உள்ள ஒரு வால்வைப் பொருத்தினால் எண்ணெய் வெளியே வரும். ஒரு சின்னக் கைப்பிடி. ஒரு பக்கம் திருப்பினால் கலப்பை தூக்கும் கைகளுக்கு, மறுபக்கம் திருப்பினால் ஹோஸுக்கு.

இந்த வால்வு இல்லாமலும் பண்ணலாம். மூடியில் வெறும் ஒரு துளை போட்டு ஹோஸை மாட்டிவிடுகிறவர்கள் உண்டு. அப்போது என்ன ஆகும்? எண்ணெய்க்கு நம்மை மாதிரியே புத்தி, எது சுலபமோ அதைத்தான் முதலில் செய்யும். மூன்று டன் குப்பையைத் தூக்குவது கஷ்டம், பின்னால் சும்மா தொங்கும் இரண்டு கைகளைத் தூக்குவது சுலபம். கைகள் ஜம்மென்று மேலே போகும். மேலே போனதும், 'வேலை முடிந்தது' என்று உள்ளே இருக்கும் வால்வு பம்பை மூடிவிடும். பெட்டி அப்படியே இருக்கும். இதற்காகக் கைகளை மேலே போகவிடாமல் சங்கிலி போட்டுக் கட்டுவார்கள். வேலை நடக்கும். ஆனால் ஒவ்வொரு தடவையும் கட்டி அவிழ்க்க வேண்டும், ஒருநாள் கட்ட மறப்போம். பாய் சங்கிலி யோசனையைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஃபெர்கூசன் பம்பில் ஒரு விசேஷம், இதைப் பாய் சொல்லி எனக்கு மூன்றாவது வருஷப் புத்தகத்தில் புரியாதது புரிந்தது. பெரும்பாலான வண்டிகளில் பம்ப் எந்நேரமும் எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், வேண்டாதபோது அதைத் தொட்டிக்கே திருப்பி விடுவார்கள். குழாயைத் திறந்தே வைத்துவிட்டு வாளியை மட்டும் நகர்த்துகிற மாதிரி. ஃபெர்கூசனோ பம்பின் வாய்ப் பக்கத்தில், அதாவது உறிஞ்சுகிற பக்கத்தில் வால்வை வைத்தார். லீவரைத் தூக்கினால்தான் எண்ணெய் உள்ளே போகும், போனால்தான் நாலு பிஸ்டனும் அதைத் தள்ளும். மற்ற நேரம் பம்ப் சும்மா சுற்றும். சிக்கனம் என்றால் அப்படி ஒரு சிக்கனம்.

இதனால் டிப்பர் பெட்டிக்கு அடித்தது யோகம். பெட்டியின் ஜாக்கி ஒருவழி ஜாக்கி. தூக்கத்தான் எண்ணெய் வேண்டும், இறங்குவது பெட்டியின் சொந்த எடையில். ஸீட் பக்கத்தில் இருக்கும் அதே லீவரைத் தூக்கினால் எண்ணெய் போய்ப் பெட்டியை நிமிர்த்தும், நடுவில் வைத்தால் நிற்கும், இறக்கினால் எண்ணெய் வந்த வழியே திரும்பும். கலப்பைக்கு என்ன செய்கிறதோ அதேதான். தனியாக ஒரு கன்ட்ரோல் வால்வ் வாங்கவே வேண்டாம். பெரியப்பா எதிர்பார்த்த பட்டன் மட்டும் கிடையாது.

தூக்குமா என்று அவருக்குக் கவலை. சிகரெட் அட்டையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஜாக்கியின் குறுக்களவு 8 சென்டிமீட்டர் என்றால் பரப்பு 50 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 140 கிலோ அழுத்தம் கொடுத்தால் 7000 கிலோ. பெட்டி கிடைமட்டமாக இருக்கும்போது ஜாக்கி சாய்வாகத் தள்ளுவதால் ஆரம்பத்தில் பாரத்தைவிட அதிக விசை வேண்டும், அதற்கும் இது காணும். ஒரு மீட்டர் நீள வேண்டுமானால் ஐந்து லிட்டர் எண்ணெய். பழைய பம்ப் நிமிஷத்துக்குப் பத்து, பன்னிரண்டு லிட்டர் கொடுத்தாலும் அரை நிமிஷத்தில் பெட்டி நிமிர்ந்துவிடும். மூன்று ஆள், முக்கால் மணி நேரம், டீ, பீடி எல்லாம் அரை நிமிஷம்! இந்த வித்தைக்கு ஆதாரம் பாஸ்கல் என்கிற பிரெஞ்சுக்காரரின் விதி. அதை 1795-ல் அழுத்தும் இயந்திரமாக்கிப் பேட்டன்ட் வாங்கியவர் ஜோசப் பிராமா. பிராமா அதற்கு முன்னால் ஃப்ளஷ் கக்கூஸுக்கும் பேட்டன்ட் வாங்கியவர் என்பது, குப்பை சம்பந்தப்பட்ட இந்தக் கட்டுரையில் சொல்லத் தக்க தகவல்.

பெரியப்பா கணக்கைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குள் போய் ஒரு துண்டு ஜி.ஐ. பைப்பைத் தூக்கிக்கொண்டு வந்தார். "போர் போட்டப்ப மிஞ்சினது. ஹோஸுக்கு எதுக்குக் காசு? இதையே வளைச்சு விட்டுருவோம்."

பாய் என்னைப் பார்த்தார். நான் ஆகாயத்தைப் பார்த்தேன். தண்ணீர்க் குழாயில் நாலு கிலோ அழுத்தம் வந்தாலே நம் குளியலறையில் கச்சேரி. இங்கே அதைப்போல முப்பது, நாற்பது மடங்கு. தண்ணீர் எல்போ அதில் வெடித்தால் துண்டு துண்டாகப் பறக்கும். உள்ளே எஃகுக் கம்பிப் பின்னல் வைத்த ஹைட்ராலிக் ஹோஸ்தான் வேண்டும், இரண்டு முனையும் மெஷினில் அழுத்திப் பிடித்ததாக. திருச்சியில் போனால் அளவு சொன்ன பத்து நிமிஷத்தில் போட்டுத் தருகிறார்கள். மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றலாமா என்று கேட்டேன். "சுத்தலாம் சார். அப்புறம் அதோட துணுக்கு வால்வுக்குள்ள போயி உக்காரும். உங்களுக்கு லீவு இருக்கா?" என்றார் பாய். செப்பு வாஷர் போட்டார்.

மண்ணச்சநல்லூர் பெட்டி வந்து சேர்ந்தது. பாய் ஜாக்கியின் ஹோஸைக் கழற்றி, பழைய எண்ணெயை வடிக்கப் பாத்திரம் கேட்டார். பெரியப்பா கைக்கு அகப்பட்ட எவர்சில்வர் டம்ளரை நீட்டினார். அதில் விழுந்த திரவத்தைப் பார்த்தால் கும்பகோணம் டிகிரி காபி. அதாவது எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. இதைக் கவனிக்காமல் மாட்டினால் என்ன ஆகும் என்பதுதான் இந்தப் பழைய வண்டிகளில் முக்கியமான விஷயம். இவற்றில் ஹைட்ராலிக்ஸுக்கென்று தனி எண்ணெய் கிடையாது. கியர், டிஃபரன்ஷியல், பம்ப் எல்லாம் ஒரே குளத்தில் குளிக்கின்றன. ஜாக்கியிலிருந்து திரும்பி வரும் எண்ணெய் நேராக கியர்களின் தலையில் விழும். இன்றைக்கு மண்ணச்சநல்லூர் பெட்டி, நாளைக்கு பக்கத்துக்காரர் பெட்டி என்று மாற்றி மாற்றி மாட்டினால், நாலு ஊர் அழுக்கும் நம் கியர்பாக்ஸில். ஜாக்கியைப் பிரித்து, கழுவி, சீல் மாற்றி, ஹோஸ் முனைக்கு மூடியும் போட்ட பிறகுதான் பாய் வண்டியிடம் கொண்டுவந்தார். உள்ளேயிருந்து பெரியம்மா, "அது காபி டம்ளர்டா பாவி" என்று கத்தினது யார் காதிலும் விழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளோட்டம். தெருவே கூடிவிட்டது. பெட்டி நிறைய குப்பை. பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டி, ஸீட்டில் ஏறி, பிள்ளையாரை நினைத்து லீவரைத் தூக்கினார். ஒன்றும் நடக்கவில்லை. என்ஜின் உறுமுகிறது, பெட்டி அசையவில்லை. கூட்டத்தில் ஒருவர், "நான் அப்பவே சொன்னேன்" என்றார். எப்போது, யாரிடம் சொன்னார் என்பது தெரியாது.

பாய் அலட்டிக்கொள்ளாமல் போய் பி.டி.ஓ. லீவரைப் போட்டார். இந்த வண்டியில் பம்பைச் சுற்றுவது அந்த பி.டி.ஓ. ஷாஃப்ட்தான். அதை விடுவித்திருந்தால் லிப்ட் கிடையாது. எங்களுடையது ஒற்றைக் கிளட்ச் வண்டி, கிளட்ச்சை மிதித்தாலும் பம்ப் நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டே வண்டியை நகர்த்தி நிறுத்திப் பரத்துகிற சாமர்த்தியமெல்லாம் இதில் வேண்டாம். நியூட்ரலில் நிறுத்து, தூக்கு, கொட்டு, இறக்கு, போ.

இந்தத் தடவை பெட்டியின் மூக்கு மெல்ல எழுந்தது. பாதி உயரத்தில் குப்பை சரிய ஆரம்பித்து, ஒரு பெருமூச்சு மாதிரி சத்தத்தோடு மொத்தமும் பின்னால் கொட்டியது. சின்னப் பசங்கள் விசில். பெரியப்பா முகத்தில் நான் அண்ணன் கல்யாணத்தில்கூடப் பார்க்காத சிரிப்பு.

அடுத்த பத்து வினாடிதான் நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்குக் காரணம். பெட்டி நிமிர்ந்தபடி நிற்க, ஜாக்கி ஜாயின்ட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தெரிந்தது. பெரியப்பா லீவரை நடுவில் வைத்துவிட்டு இறங்கி, "எங்கடா ஒழுகுது?" என்று குனிந்து நேராகப் பெட்டிக்கு அடியில் தலையை விட்டார். ஒரு கை சேஸிஸ் மேல், மறு கை விரலால் ஜாயின்ட்டைத் தடவ.

"அய்யா! வெளிய வாங்க! கைய எடுங்க!"

பாய் அப்படிக் கத்துவார் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. பெரியப்பா பதறிப்போய் வெளியே வந்தார்.

ஓடிப்போய் ஸீட் பக்கம் பார்த்தேன். ஒரு பொடியன் வண்டிமேல் ஏறி ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்தான். லீவர் அவன் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி. அது பட்டிருந்தால் பெட்டி இறங்கியிருக்கும். காலிப் பெட்டியே பல நூறு கிலோ. அதைத் தாங்கி நின்றது ஒரு ஹோஸும், உள்ளே ஒரு பழைய வால்வும்தான். ஹோஸ் பிய்ந்தாலும் இதே கதி. இன்னொன்று, அழுத்தத்தில் இருக்கும் ஜாயின்ட்டில் ஊசித்துளை ஒழுக்கு இருந்தால் அதை விரலால் தடவவே கூடாது. அந்த எண்ணெய் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும். முதலில் முள் குத்தின மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலிகூட அவ்வளவு இருக்காது. மஞ்சள் பற்றுப் போட்டுத் தூங்கினால், கொஞ்ச நேரத்திலேயே உள்ளே அழுக ஆரம்பித்து விரலையே எடுக்க வேண்டி வரும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடி, எண்ணெய் உள்ளே போய்விட்டது என்று டாக்டரிடம் அந்த வார்த்தையிலேயே சொல்ல வேண்டும். ஒழுக்கைப் பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும். வண்டியை நிறுத்தி, பெட்டியை இறக்கி, அழுத்தம் போன பிறகு கை வைக்கலாம்.

பாயின் இடது கையில் இரண்டு விரல் பாதிதான் இருக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை.

அவர் ஒன்றும் பேசாமல் டி.வி.எஸ். 50-ஐ எடுத்துக்கொண்டு போய், ஒரு மணி நேரத்தில் கனமான இரும்புச் சானல் துண்டோடு வந்தார். சேஸிஸில் கீல் வைத்து வெல்ட் பண்ணினார். பெட்டி தூக்கினதும் அதை நிமிர்த்தி முட்டுக் கொடுக்கலாம், வேண்டாதபோது படுத்துக்கொள்ளும். "இது இல்லாம பெட்டி வித்தவனைத்தான் உதைக்கணும்" என்றார். முட்டுக் கம்பி வைத்து முடிக்கும்வரை கூலி கையில் வாங்கவில்லை. பெரியப்பாவிடம் இன்னும் இரண்டு விஷயம் சொன்னார். சரிவில் நிறுத்திக் கொட்டக் கூடாது, ஈரக் குப்பை பெட்டியின் மேல் மூலையில் ஒட்டிக்கொண்டு நின்றால் வண்டியோடு பக்கவாட்டில் சாய்த்துவிடும். தூக்குவதற்கு முன்னால் தலைக்கு மேல் கரண்ட் கம்பி இருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். நம் வயல்களில் ஈ.பி. கம்பி தொங்குகிற அழகு உங்களுக்கே தெரியும்.

ஜாக்கியை நாலைந்து தடவை ஏற்றி இறக்கிக் காற்றைப் போக்கிவிட்டு, பெட்டி இறங்கியிருக்கும்போது எண்ணெய் அளவு பார்த்து ஊற்றினார். தூக்கி நிற்கும்போது குறைகிறதே என்று ஊற்றினால், இறக்கும்போது ஐந்து லிட்டர் திரும்பி வந்து வழியும்.

கூட்டத்திலிருந்த பக்கத்து வயல்காரருக்கு ஆசை வந்துவிட்டது. அவரிடமும் ஒரு பழைய மாஸே. ஆனால் அவருக்கு வேண்டியது போகும்போது ஒரு பக்கமும், வரும்போது மறுபக்கமும் தானாகப் புரண்டுகொள்ளும் ஹைட்ராலிக் கலப்பை. "இதே மாதிரி ஒரு பைப்பு விட்டாப் போதும்ல பாய்?"

போதாது. அதன் ஜாக்கி இருவழி ஜாக்கி. நீளவும் எண்ணெய், சுருங்கவும் எண்ணெய். இரண்டு ஹோஸ், எந்தப் பக்கம் என்று தீர்மானிக்கத் தனி வால்வ், மீந்த எண்ணெய் ஹவுசிங்குக்குத் திரும்ப ஒரு பெரிய குழாய். அதைவிட முக்கியம், முதலில் சொன்ன சிக்கன பம்ப் லீவரைத் தூக்கி வைத்திருந்தால்தான் தள்ளும். தள்ளிக்கொண்டே இருந்தால் எண்ணெய் சூடாகும். வால்வை அமுக்கி வைத்தபடி மறந்தால் ரிலீஃப் வால்வ் கதறும். அந்தக் கதறல் பிடிக்காமல் அதை இறுக்கி வைத்துவிடுகிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள். அது பிரஷர் குக்கரின் வெயிட் மேல் அம்மிக் குழவியை வைப்பதற்குச் சமம். சரியான வழி என்ஜின் முன்பக்கத்தில் தனியாக ஒரு கியர் பம்ப், தனித் தொட்டி, தனி ஃபில்டர். கிளட்ச் மிதித்தாலும் நிற்காது, கியர்பாக்ஸ் எண்ணெயும் தப்பிக்கும். ஆனால் செலவும் வேலையும் அதிகம். கலப்பை வாங்குகிற காசுக்கு மேலேயே நிற்கும். பாய் இதையெல்லாம் ஒரே வரியில் சொன்னார். "அதுக்கு வேற வண்டி வாங்கிருங்கண்ணே."

பெரியப்பாவுக்கு ஆன செலவு, பெட்டியைத் தவிர்த்து, ஒரு பழைய மொபெட் விலைகூட இல்லை. ஓசூர் அண்ணன் வீடியோவில் பார்த்துவிட்டு, புரோக்கர் நம்பரை எனக்கு அனுப்பி, 'நீயே சொல்லிடு' என்றான். சொல்லிவிட்டேன். இந்தப் பருவத்தில் பெரியப்பா சொந்த வயலுக்குக் குப்பை அடித்து முடித்து, ஊராருக்கும் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். மம்முட்டி தொடுவதில்லை, டாக்டருக்குக் கொடுத்த வாக்கு. மூலையில் ஒட்டின குப்பையைத் தள்ள நீளமாக ஒரு மூங்கில் வைத்திருக்கிறார், தூரத்தில் நின்றே தள்ளுவதற்கு.

முட்டுக் கம்பிக்கு மட்டும் புதுசாகச் சிவப்பு பெயின்ட் அடித்திருக்கிறார். வண்டியிலேயே பளபளப்பான பாகம் அதுதான். பெட்டியை வாடகைக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ரேட் சொல்லும்போதே, "கம்பி போடாம அடியில போனேன்னு தெரிஞ்சா வாடகை டபுள்" என்கிறார். இதுவரை இரண்டு பேரிடம் வசூலும் பண்ணிவிட்டாராம்.